அரும்பு மீசையும் கால் சலங்கையும்

பையன் ஆடினான், ஊர் மெச்சிற்று. எட்டு வயதில் பாலகிருஷ்ணன் வேடம் கட்டி நின்றான்; தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். பத்து வயதில் பள்ளி ஆண்டு விழாவில் ஆடினான். பரிசு கொடுத்தார்கள், படம் பிடித்தார்கள். பதின்மூன்று பிறந்தது. குரல் கரகரத்தது. மேலுதட்டில் மயிர் அரும்பிற்று. அன்று தொட்டு அதே ஊர், அதே பையனை, அதே ஆட்டத்துக்காக ஏளனம் செய்கிறது! கால் அதே கால். தாளம் அதே தாளம். சலங்கையும் அதே சலங்கை. மாறியது எது? பார்க்கிற கண்!

"என்ன மாப்ளே, எப்ப சேலை கட்டப் போற?" என்பான், டீக்கடை பெஞ்சில் குந்தியிருக்கும் மாமன் முறைக்காரன். பெஞ்சே சிரிக்கும். பையனும் சிரித்துவிட்டுப் போவான். வேறு என் செய்வான்? மறுநாள் ஒத்திகைக்குப் போகமாட்டான். கேட்டால் கால்வலி என்பான். ஒரு வாரம் கழித்துப் பரீட்சை என்பான். ஒரு மாதம் கழித்து யாரும் கேட்கமாட்டார்கள். சலங்கை பரணுக்குப் போய்விடும்.

இந்தப் பையனுக்குப் பெயர் வேண்டாம், தோழர்களே! கெடாரில் இருப்பான், காணையில் இருப்பான், திண்டிவனத்தில் இருப்பான். அவன் ஆட்டத்தை விட்டான் என்று ஊர் பேசுகிறது. விட்டானா, விரட்டப்பட்டானா என்பதுதான் நாம் கேட்கும் கேள்வி.

கெடார் எந்த மண்ணில் இருக்கிறது? விழுப்புரத்திலிருந்து காணை வழியாகத் திருவண்ணாமலை நோக்கிப் போகும் பாதையில் இருக்கிறது. பழைய தென்னார்க்காட்டின் பகுதி. 1993 முதல் விழுப்புரம் மாவட்டம். செஞ்சியைச் சுற்றியும் செய்யாற்றைச் சுற்றியும் திரௌபதியம்மன் கோயில்கள் நிறைந்த வட்டாரம். பகலெல்லாம் பாரதப் பிரசங்கம்; இரவெல்லாம் தெருக்கூத்து. வில் வளைப்பு, பகடை துகில், அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று நாள்கணக்கில் நடக்கும். முகவீணை அழைக்க, மிருதங்கம் அதிர, பின்பாட்டுக்காரர்கள் பாட்டை வாங்கிப் பாட, இருவர் பிடித்த திரைக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்து, திரை விலகியதும் களரியைச் சுற்றிச் சுழன்று வருவானே ஆட்டக்காரன் — தலையிலே கிரீடம், தோளிலே புஜக்கட்டை, மார்பிலே பதக்கம், கால்நிறையச் சலங்கை — அந்தச் சுமையோடு விடியும்வரை ஆடுபவன் ஆண்பிள்ளை. துரியோதனன் ஆண்பிள்ளை, அவன் எதிரே கூந்தலை விரித்து நின்று சபதம் கூறும் திரௌபதியும், வழிவழி வந்த கூத்தில், ஆண்பிள்ளைதான்!

இப்படிப்பட்ட மண்ணில் நின்றுகொண்டு, 'ஆட்டம் பெண்பிள்ளை சமாச்சாரம்' என்று பேசுகிறார்கள். எங்கே கற்றார்கள் இந்தப் பாடத்தை?

கெடாரிலிருந்து மேற்கே போனால் திருவண்ணாமலை; அதற்கும் அப்பால் செங்கம். அந்தச் செங்கத்து நன்னன்மீது பெருங்கௌசிகனார் 583 அடிகளில் பாடியது மலைபடுகடாம். அதற்கு மற்றொரு பெயர் கூத்தராற்றுப்படை. பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன், வறுமையோடு எதிரே வரும் கூத்தனுக்கு வழி சொல்லுகிறான். முழவும் ஆகுளியும் பாண்டிலும் கொம்பும் குழலும் பைகளில் கட்டித் தோளில் சுமந்து, காடும் மலையும் கடந்து வருகிறது அந்தக் கூட்டம். ஆடிப் பிழைக்கும் ஆடவனைப் புலவர் ஏளனம் செய்யவில்லை. மன்னன் வாயிலில் அவனுக்குக் காத்திருக்கும் வரவேற்பை விரித்துரைத்தார்.

சிலப்பதிகாரத்துக்கு வாருங்கள். மாதவி ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் வயதில் அரங்கேறினாள் என்பதை எல்லோரும் சொல்வர். அவளுக்குக் கற்பித்த ஆடலாசானின் தகுதிகளை இளங்கோ அடுக்கடுக்காகச் சொல்லியிருப்பதை யார் சொல்கிறார்கள்? பின்னாளில் பரதத்துக்கு இன்றைய வடிவம் தந்த தஞ்சை நால்வர் — சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு — ஆண்கள். ருக்மிணி தேவிக்கும் மிருணாளினி சாராபாய்க்கும் ராம் கோபாலுக்கும் ஆசானாக விளங்கிய பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை ஆண். ஆடலைக் கேவலம் என்று கற்றவர்கள் முகம் சுளித்த காலத்தில், வழக்கறிஞராயிருந்த ஈ. கிருஷ்ண ஐயர் பெண்ணுடை தரித்து மேடையேறி ஆடிக்காட்டினார். வக்கீல் ஆடினார், வானம் இடிந்து விழவில்லை!

இன்னொன்று. கேலி பேசும் பெஞ்சுக்காரர் விடுமுறையில் எங்கே போகிறார்? சிதம்பரத்துக்கு. அங்கே யாரைக் கும்பிடுகிறார்? காலைத் தூக்கி நின்று ஆடும் ஓர் ஆண் உருவத்தை! கல்லிலும் செம்பிலும் ஆண் ஆடினால் கன்னத்தில் போட்டுக்கொள்வது. தன் வீட்டுக் கூடத்தில் தன் மகன் ஆடினால் தலையில் அடித்துக்கொள்வது. இதற்கு என்ன பெயர் வைப்பது? பாரதத்தைத்தான் நம்புகிறார், போகட்டும். அந்தப் பாரதத்தில் விராடன் மகளுக்கு நாட்டியம் கற்பித்தவன் யார்? காண்டீவம் ஏந்திய அர்ச்சுனன்! கதைதான். ஆனால் அவர் நம்பும் கதையாயிற்றே!

'கூத்தாடி' என்ற சொல்லை வசவாக வீசுவது இந்நாட்டுப் பெரிய மனிதர்களுக்குப் பழைய பழக்கம். ஓர் இயக்கத்தையே கூத்தாடிகள் கூட்டம் என்று ஏசிய காலம் உண்டு. ஏசப்பட்டவர்களில் நாடகம் எழுதித் தாமே நடித்தவர் 1967 இல் கோட்டைக்குப் போனார். நாடகமும் திரைக்கதையும் எழுதியவர் 1969 இல் போனார். பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்த நடிகர் 1977 இல் போனார். ஏசியவர்கள் அவர்களிடமே மனுக்கொடுக்க நின்றார்கள். சரி, அது கிடக்கட்டும்.

கேலி நம் நாட்டுச் சரக்கு மட்டுமா என்றால், அதுவும் இல்லை. 2019 ஆகஸ்டில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஓர் அம்மையார், இங்கிலாந்து அரண்மனையின் ஆறு வயதுச் சிறுவன் ஜார்ஜ் பாலே நடனம் கற்கிறான் என்று சொல்லிச் சிரித்தார். சில நாளில் நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் சுமார் 300 ஆட்டக்காரர்கள் கூடி, நடுத்தெருவில் பாலே பயிற்சி செய்து காட்டினார்கள். சிரித்த அம்மையார் மன்னிப்புக் கேட்டார். அதற்கு வெகு முன்பே, 1933 இல், டெட் ஷான் என்ற அமெரிக்கர் ஆண்கள் மட்டுமே கொண்ட நடனக் குழுவை அமைத்தார். அதில் உடற்பயிற்சிக் கல்லூரியில் படித்த விளையாட்டு வீரர்கள் பலர். 1940 வரை ஊர் ஊராய் ஆடிக் காட்டினார்கள். அங்கே ஆண் ஆடலாம் என்பதை மெய்ப்பிக்க ஒரு குழு கட்ட வேண்டியிருந்தது. நமக்கோ அது தலைமுறை தலைமுறையாய்க் களரியில் ஆடிக்கொண்டிருக்கிறது.

ஆனால், தோழர்களே, கேலியை மட்டும் குற்றம் சொல்லி முடித்துவிட்டால் பாதி உண்மையைத்தான் சொன்னவர்களாவோம். கேலி பேசுபவன் கதவைத் தட்டுகிறான். கதவு ஏற்கெனவே ஆட்டம் கண்டிருப்பதால்தான் விழுகிறது. ஆட்டம் காணச் செய்வது பையனின் சொந்த உடல்!

பதின்மூன்று, பதினான்கில் பையன்கள் வளரும் வேகம் உச்சத்துக்குப் போகிறது. ஓராண்டில் 9 சென்டிமீட்டர்கூட உயர்ந்துவிடுவான். எலும்பு முந்திக்கொள்ளும்; தசையும் நரம்பும் பின்தங்கும். நேற்றுவரை தானாக வந்த அடவு இன்று தடுமாறும். கை நீண்டுவிட்டது, எங்கே நிறுத்துவதென்று தெரியாது. முழங்காலுக்குக் கீழே, கணைக்கால் எலும்பின் மேல்முனையில், தசைநார் பற்றியிருக்கும் இடத்தில் வலி காணும். குதித்து விளையாடும் பையன்களுக்கும் இது வருவதுண்டு. நோய் என்று அஞ்ச வேண்டியதில்லை. வளர்ச்சி முடிந்ததும் பெரும்பாலும் தானே அடங்கும். ஆனால், அந்த மாதங்களில் அரைமண்டியில் அரைமணி நேரம் உட்கார வைத்து, குதி குதி என்று விரட்டும் ஆசிரியர், பிள்ளையின் முழங்காலையும் கெடுக்கிறார், மனத்தையும் கெடுக்கிறார். பையன், 'எனக்கு வராது போலிருக்கிறது' என்று முடிவு கட்டுவான். 'வளர்கிறாய், அதனால் தடுமாறுகிறாய். ஆறு மாதத்தில் திரும்ப வரும்' என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். எத்தனை பேர் சொல்லுகிறார்கள்?

அடுத்தது குரல். நாடக உலகில் இதற்கென்றே ஒரு சொல் இருந்தது: மகரக்கட்டு. பாய்ஸ் கம்பெனிப் பிள்ளைகள் அந்தச் சொல்லைக் கேட்டாலே நடுங்குவார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் 1918 இல் மதுரையில் சிறுவர்களைக் கொண்டு சபை அமைத்தார்; டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே பயின்றவர்கள். சுவாமிகள் 1922 இல் மறைந்தது, விழுப்புரத்துக்குப் பக்கத்திலுள்ள புதுச்சேரியில். அப்படிப்பட்ட கம்பெனிகளில் ஸ்திரீபார்ட்டு போட்டுப் பாடி ஆடிய பையனுக்கு ஒருநாள் குரல் உடையும். நேற்று சீதை; இன்று யார்? வேறு வேடம் தந்து வைத்துக்கொண்ட வாத்தியார்களால் கலைஞர்கள் பிழைத்தார்கள். வெளியே போ என்ற இடங்களிலிருந்து போனவர்களைப் பற்றி வரலாறு ஒன்றும் எழுதி வைக்கவில்லை.

விழுப்புரத்துக்காரருக்கு இதில் ஒரு சொந்த எடுத்துக்காட்டு உண்டு. 1928 இல் பிறந்த கணேசன் என்ற பையன், யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனியில் சேர்ந்து, முதலில் கட்டிய வேடங்களில் ஒன்று சீதை. பெண் வேடத்தில் நடந்தான், ஆடினான், அழுதான். வளர்ந்தபின் அண்ணாவின் 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' நாடகத்தில் மராட்டிய வீரனாய் நின்றான். பெரியார் வாயால் 'சிவாஜி' ஆனான். 1960 இல் கெய்ரோவில் சிறந்த நடிகர் என்று பரிசு பெற்றார். வி.சி. கணேசன் என்பதில் உள்ள 'வி', விழுப்புரம். பெண் வேடம் கட்டியதால் ஆண்மை குறைந்தது என்று கட்டபொம்மனைப் பார்த்துச் சொல்வார் உண்டா?

ஆக, அந்த இடைப்பட்ட இரண்டு மூன்று ஆண்டுகள்தான் கண்டம். சிறுவனுமல்ல, ஆளுமல்ல. அந்த ஆண்டுகளில் பையனுக்கு ஒரு வேலை, ஓர் இடம் இருந்தால் நிலைப்பான்.

கூத்து வாத்தியார்களே, உங்களிடம்தான் அந்த இடம் இருக்கிறது! வேறெந்த ஆட்டத்திலும் இவ்வளவு வசதி இல்லை. குரல் உடைந்தவன் பாடவேண்டாம். மிருதங்கத்தில் உட்காரட்டும், தாளம் பிடிக்கட்டும், பின்பாட்டில் மெதுவாய்ச் சேரட்டும். அரிதாரம் குழைக்கட்டும்; கட்டை கட்டப் பழகட்டும். அவன் வயதுக்கென்றே பாரதத்தில் வேடங்கள் இல்லையா? அபிமன்னன் யார்? மீசை முளைத்தும் முளையாத பையன்! வியூகத்துக்குள் புகத் தெரியும், வெளியே வரத் தெரியாது. பதினைந்து வயதுப் பையனுக்கு இதைவிடப் பொருத்தமாய் ஒரு வேடம் எழுத முடியுமா? அரவான் இருக்கிறான். வாய்ச்சவடால் அடித்துவிட்டுத் தேரிலே நடுங்கும் விராடன் மகன் உத்தரன் இருக்கிறான். கரகரத்த குரலே அந்த வேடத்துக்கு அழகு. இவற்றையெல்லாம் ஐம்பது வயது ஆட்டக்காரரே கட்டி ஆடிக்கொண்டிருந்தால் பையன் எப்போது ஆடுவான்? ஜமாவில் மூத்தவர்கள் இதை மனத்தாங்கலாய்க் கொள்ளவேண்டாம், யோசிக்கவேண்டும்.

இனி, வீடு. தகப்பனார் சொல்வது என்ன? "போதும்டா ஆடினது, பத்தாவது வரப்போவுது." அவரை நாம் பழிக்கமாட்டோம். விடியவிடிய ஆடிவிட்டு வந்த பையன் காலையில் வகுப்பில் தூங்கினால் தகப்பன் வயிறு எரியத்தானே செய்யும்? கூத்தை நம்பி வாழ்ந்தவர் வீட்டில் சோறு எவ்வளவு வெந்தது என்பது அவருக்குத் தெரியும். இந்தக் கவலைக்குப் 'கலை வாழ்க' என்று முழங்குவது விடையாகாது.

விடை செய்து காட்டியவர்கள் உண்டு. பத்து வயதிலேயே கூத்துக்குப் போய்ப் படிப்பை இழந்தவர் கலைஞர் பெ. ராஜகோபால். அவரும், நெதர்லாந்திலிருந்து வந்து கூத்தை ஆராய்ந்து அவரையே மணந்துகொண்ட ஹன்னா டி புருயினும், 2002 இல் காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கல் சிற்றூரில் கட்டைக்கூத்துக் குருகுலம் என்ற பள்ளியை நடத்தத் தொடங்கினார்கள். ஒரே கூரையின்கீழ் பாடப்புத்தகமும் கூத்தும். அரசுத் தேர்வும் எழுதினார்கள், அபிமன்னனும் ஆடினார்கள். பெண்பிள்ளைகளும் சேர்ந்து கட்டை கட்டினார்கள். 2020 இல் அப்பள்ளி மூடப்பட்டது நமக்கெல்லாம் இழப்பு. படிப்பா ஆட்டமா என்று பையனின் கழுத்தில் கத்தியை வைக்கத் தேவையில்லை என்பதை அந்தப் பதினெட்டு ஆண்டுகள் காட்டின.

அத்தகைய பள்ளி எல்லா ஊரிலும் வராது. இருப்பதைக் கொண்டு செய்யலாமே! பத்தாம் வகுப்பு ஆண்டில் விடியவிடியக் கூத்துக்கு அழைக்காதீர்கள். வாரத்துக்கு இரண்டு மாலை, ஒரு மணி நேரம், கால் மறக்காமலிருக்கப் பயிற்சி போதும். பரீட்சை முடிந்த கோடையில்தானே பாரதக் கூத்தும் மும்முரமாய் நடக்கிறது! விழுப்புரத்தில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. பெயர் இசைப்பள்ளியானாலும் பரதநாட்டியமும் கற்பிக்கிறார்கள், மூன்றாண்டுப் படிப்பு, 12 வயது முதல் 25 வயது வரை சேரலாம். பையன்கள் ஆட்டத்தை விடுகிற வயதில்தான் அந்தக் கதவு திறக்கிறது என்பதைக் கவனியுங்கள். 2022-23 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடத்துகிறார்கள். நல்ல காரியம். ஆனால், பல பள்ளிகளில் என்ன நடக்கிறது? 'நடனம்' என்றதும் ஆசிரியரின் கண் பெண்பிள்ளைகள் வரிசைக்குப் போகிறது. பையன்களைப் பந்தல்கால் நடவும் நாற்காலி தூக்கவும் அனுப்புகிறார்கள். நாற்காலி தூக்கட்டும், வேண்டாமென்னவில்லை. ஆட வருகிறவனையாவது ஆடவிடுங்கள்.

கேலியில் ஒரு சொல்லை இங்கே எழுதக் கை கூசுகிறது. எண்ணைச் சொல்லி ஏசுகிறார்களே, அது. பையன் அப்படிப்பட்டவன் அல்லன் என்று பதறி மறுக்கும் பெற்றோருக்கும் ஒன்று சொல்வோம். அந்தச் சொல்லால் அடிபட்டவர்களும் மனிதர்களே. கூவாகம் இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. மதுரையில் ஆண்பிள்ளையாய்ப் பிறந்ததாகக் கருதப்பட்டு, ஏச்சும் பேச்சும் தாங்கி, தஞ்சை கிட்டப்பா பிள்ளையிடம் பரதம் பயின்ற திருநங்கை நர்த்தகி நடராஜ் 2019 இல் பத்மஸ்ரீ பெற்றார். 2021 இல் மாநில வளர்ச்சிக் கொள்கைக் குழுவில் உறுப்பினரானார். ஆடும் பையன் வளர்ந்து யாராக நின்றாலும் அவனுக்கு, அல்லது அவளுக்கு, வீட்டில் ஒரு தட்டுச் சோறு உண்டு என்பது தெரிந்திருக்கவேண்டும்.

மறுபுறமும் சொல்லவேண்டும். எல்லாப் பையனும் ஆடித்தான் தீரவேண்டும் என்பது நம் வாதமல்ல. சிலருக்குச் சலிக்கும், சிலருக்குக் கபடியில் மனம் போகும், சிலர் தகப்பனார் ஆசைக்காகவே ஆடியிருப்பார்கள். 'எனக்கு இதில் விருப்பமில்லை' என்று நேராகச் சொல்பவனை வாழ்த்தி அனுப்புங்கள். வழிவழி வந்த குடும்பம் என்ற சங்கிலியைக் காட்டி அவனை இழுக்காதீர்கள். பிறப்பால் தொழில் என்ற பேச்சை எதிர்த்தவர்கள் அதைக் கூத்தின் பேரால் ஏற்கமுடியாது. ஆனால், கால்வலி என்றும் பரீட்சை என்றும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொல்பவனைக் கொஞ்சம் உட்கார வைத்துக் கேளுங்கள். 'யார் என்ன சொன்னார்கள்?' என்று கேளுங்கள். பதில் உடனே வராது. சில நாள் கழித்து, சைக்கிளில் போகும்போதோ, மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதோ வரும்.

அப்போதும் கலங்கவேண்டாம். நின்ற கால் மறுபடி ஆடாது என்பதில்லை. வி.பி. தனஞ்சயன் 1953 இல் கேரளத்திலிருந்து கலாசேத்திரத்துக்கு வந்து ஆடத் தொடங்கியபோது அவருக்குப் பதினான்கு வயது. நம் பையன்கள் சலங்கையைப் பரணில் போடுகிற அதே வயது! 2009 இல் மனைவி சாந்தாவோடு பத்மபூஷண் பெற்றார். புரிசையில் தலைமுறை தலைமுறையாய்க் கூத்தாடும் குடும்பத்தைச் சேர்ந்த கண்ணப்ப சம்பந்தனுக்கு 2025 இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அதே ஆண்டு, பறையாட்டத்துக்காக வேலு ஆசானுக்கும் அறிவித்தார்கள். பறையைத் தொட்டால் தீட்டு என்ற நாட்டில் இது நடந்தது!

பெஞ்சிலிருந்த மாமனிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை அந்தப் பையன் தெருவில் போனால், "இந்த வருஷம் என்ன வேஷம்டா மாப்ளே?" என்று கேளுங்கள். கேட்டதோடு விட்டுவிடாமல், கூத்தன்று இரவு பாய் ஒன்றை எடுத்துக்கொண்டு முன்வரிசையில் போய் உட்காருங்கள். அபிமன்னன் வருவதற்கு நடுச்சாமம் ஆகும், தூங்கிவிடாதீர்கள்.